பொந்தண்ணன் சொல்லாமல் போன நாள்

நாயின் சிறுநீரகத்திடம் "வாங்க, போங்க" என்று மரியாதையாகப் பேசிய ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் பொந்தண்ணன்தான். இதை நம்பாதவர்கள் கோவையில் எங்கள் உயிரியல் ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

கோபிசெட்டிபாளையத்துக்காரர். ஊரில் வாழைத் தோட்டம். இங்கே நாய்ச் சிறுநீரகச் செல்களை ஜெல்லி போன்ற கூழில் வளர்த்து, அவை உருண்டையாகக் கூடி நடுவே ஒரே ஒரு பொந்து வைப்பதைப் படம் பிடிக்க வேண்டும். அந்தப் படம் கிடைத்தால்தான் அவருக்கு டாக்டர் பட்டம். நம் குடலும் சிறுநீர்க் குழாயும் உள்ளே காலியாக இருப்பதால்தான் நாம் உயிரோடு நடமாடுகிறோம். அந்தக் காலியிடம் எப்படி வருகிறது என்று அவரிடம் கேட்டுவிட்டால் டீ ஆறிவிடும்.

"ரெண்டு செல்லு ஒட்டி உக்காந்ததும், சில புரதம் வந்து 'இதுதான் உள்பக்கம்'னு அடையாளம் வெக்குமுங்க. இன்னொரு புரதம் அங்க போயி நின்னு, எதிரெதிரா இருக்கறவங்களை ஒட்டவிடாம வெலக்குமுங்க. அந்தச் சந்துல தண்ணி ஊறிப் பொந்து பெருசாகுமுங்க."

கணபதியில் அவர் குடியிருந்த அறைக்குக் கீழே லேத் பட்டறை. அதன் முதலாளி ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, "பொந்துதானுங்களே? கொண்டாங்க, டிரில்லுல போட்டுத் தாரேன்" என்றார்.

அண்ணன் பதறிவிட்டார். "ஐயோ, குடையக் கூடாதுங்க! அவங்களாப் பாத்து வெலகி எடம் உடோணுமுங்க."

அதன்பின் அந்த முதலாளி, அண்ணனைக் கண்டால் தானாகவே விலகி இடம் விட்டார்.

செல்கள் சின்னத் தட்டுகளில், இன்குபேட்டர் என்ற சூட்டுப் பெட்டிக்குள் இருக்கும். அண்ணன் டீக்குப் போனால் அதன் கதவைத் திறந்து, "போயிட்டு வாரேனுங்க" என்பார். திரும்பி வந்ததும் மறுபடி திறந்து, "வந்துட்டேனுங்க, நல்லா இருக்கறீங்களா?"

"அண்ணா, கதவைத் தொறந்துட்டே இருந்தா சூடு போயிருமுங்க" என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"மொகத்தைப் பாக்காமச் சொல்லிட்டுப் போனா அது மரியாதைங்களா அம்மணி?"

அதன்பிறகும் திறந்து திறந்துதான் மூடினார். ஒவ்வொரு முறையும் ஒரு பொந்துக்குப் பதில் சின்னச் சின்னதாகப் பல ஓட்டைகள் விழுந்தன. ஆய்வுக்கு வழிகாட்டிய எங்கள் மேடம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "பூரி மாதிரி உப்பி நிக்கணும்னு சொன்னேன். நீங்க ஊத்தப்பம் ஊத்திட்டு இருக்கீங்க!"

உதவித்தொகை முடியும் மாதம் வந்தது. இதுதான் கடைசி, இதிலும் படம் கிடைக்காவிட்டால் ஆய்வை விட்டுவிட வேண்டியதுதான் என்று மேடம் சொல்லிவிட்டார். கடைசித் தட்டை உள்ளே வைத்த அண்ணனுக்கு நம்பிக்கை போய்விட்டது. ஊரில் அப்பாவும் தோட்டத்துக்கு ஆளில்லை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலையில் பையை எடுத்துக்கொண்டு கோபி பஸ் ஏறிவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. செல்களிடமும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது என்று நினைத்திருப்பார், பாவம்.

ஒரு வாரம் பெட்டியை யாரும் தொடவில்லை. பிறகு சுத்தம் செய்யலாம் என்று திறந்தேன். தூக்கிப் போடுமுன் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பூரி! எந்த உருண்டையைப் பார்த்தாலும் நடுவே அழகாக ஒரே ஒரு பொந்து.

எனக்கு அழுகை வந்துவிட்டது. படம் பிடித்து மேடத்திடம் காட்டி, அண்ணனுக்கும் அனுப்பிவிட்டு உடனே போன் போட்டேன். "அண்ணா, வந்துட்டாங்க! மேடம் இன்னும் ரெண்டு தடவை செஞ்சு காட்டுனாப் போதும்ங்கறாங்க. கிளம்பி வாங்கண்ணா!"

மறுமுனையில் தோட்டத்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"நாந்தான் அவங்களுக்குத் தொந்தரவா இருந்திருக்கறேனுங்களா அம்மணி?" என்றார். பிறகு சிரித்தார். "நான் இல்லாதப்பதான வந்திருக்கறாங்க. இனி எந்த மொகத்தோட நான் வாரது?"

எவ்வளவோ கெஞ்சினேன். அவர் வரவேயில்லை. அந்தப் பொந்தை முதலில் பார்த்திருக்க வேண்டிய கண்கள் என்னுடையவை அல்ல. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

இப்போது அந்தப் பெட்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அநாவசியமாகத் திறப்பதில்லை. ஆனால் வீட்டுக்குக் கிளம்பும்போது மூடிய கதவின் முன்னால் நின்று, "போயிட்டு வாரேனுங்க, அண்ணன் உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.