மேல்துணியின் அடம்

அடித்துணி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நடுவிலிருந்த பஞ்சு விரிப்பும் சொன்னபடி கேட்டது. மேல்துணி மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்து, ஊசிக்கு முன்னால் தொப்பை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"மெதுவா அழுத்துங்க. அது பஸ் இல்ல," என்றாள் மனைவி.

டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. கால் இன்னும் ஓய்வு பெறவில்லை. தையல் மிஷினின் பெடல் தட்டுப்பட்டதும் அது பழைய ஞாபகத்தில் மிதித்துவிடுகிறது.

உண்மையில் இது அவருடைய வேலையே இல்லை. பேரன் பிறந்ததும் மருமகனின் அம்மா, அதாவது சம்பந்தியம்மா, தன் கையாலேயே தைத்ததாகச் சொல்லி ஒரு பஞ்சுப் போர்வையைத் தொட்டிலில் விரித்தாள். கோடு கிழித்தாற்போல் தையல். பார்த்த மனைவிக்கு மூச்சே நின்றுவிட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை. தங்கள் வீட்டிலும் கையால் ஒன்று தயாராகிக்கொண்டிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வந்தால் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டாள்.

மகளின் சின்ன வயது கவுன்களை வெட்டி மேல்துணியை ஒட்டுப்போட்டு முடித்தது வரை உண்மை. மறுநாளே குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. மானம் போகாமல் காப்பாற்றும் பொறுப்பு டிரைவர் தலையில் விழுந்தது. துணி கெட்டால் வேறு வாங்கிக்கொள்ளவும் முடியாது. அந்தக் கவுன்கள் எந்தக் கடையிலும் இல்லை.

"கையால தச்சதுன்னுதான சொல்லியிருக்கேன். யார் கைன்னு சொல்லலையே," என்று அவள் சமாதானம் சொன்னாள்.

தொப்பையைக் கரைக்க டிரைவர் துணியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். ஊசி வளைந்து உடைந்து, அதன் முனை ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்தது. விரலுக்கு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, துணி நகராமல் இருக்கக் குண்டூசிகளை நெருக்கமாகக் குத்தினார். மிஷின் ஒரு குண்டூசி மேல் ஏறி அடுத்த ஊசியும் போயிற்று. மிஷினின் அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்று மனைவி யோசனை சொன்னாள். குறைத்ததும் துணி வழுக்கிக்கொண்டு ஓடி, நீலக் கவுனில் போக வேண்டிய தையல் மஞ்சள் கவுனுக்குள் புகுந்தது.

பிரித்துவிட்டு, கடைவீதிக்குப் போனார். மிஷின் சாமான் கடைக்காரர் முழுக் கதையையும் டாக்டரைப் போலக் கேட்டுவிட்டு, ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். அதில் வாக்கிங் ஃபுட் என்ற நடக்கும் பாதம் இருந்தது. மிஷினில் அடியில் இருக்கும் பல் கீழ்த்துணியை மட்டும்தான் தள்ளுமாம். இந்தப் பாதத்துக்கு மேலேயும் பல் உண்டு, அது மேல்துணியையும் கூடவே நடத்திக்கொண்டு போகும் என்றார். டிரைவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அதைப் பட்டாம்பூச்சியைப் பிடித்த மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மாட்டி, மிதித்தார். பாதம் நடக்கவில்லை. இருந்த இடத்திலேயே அழுத்திக்கொண்டு நின்று, சிவப்புக் கவுனின் ஓரத்தைக் கசக்கிச் சுருட்டி வாய்க்குள் போட்டுக்கொண்டது. மனைவி இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

துணியை மெல்ல விடுவித்துவிட்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். பாதத்தின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கம்பிக் கை வேலையில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றியபோது, ஊசியைப் பிடித்திருக்கும் திருகு மேலும் கீழும் போய்வந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தக் கையைத் தூக்கித் திருகின் மேல் மாட்டி, பெடலைத் தொட்டும் தொடாமலும் அழுத்தினார்.

பாதம் நடந்தது.

ஊசி மேலே போகும்போது கை எழும்பியது. கை எழும்பியதும் பாதம் மேல்துணியைப் பூப்போல எடுத்து ஓர் எட்டு முன்னால் வைத்தது. அடியில் இருந்த பல்லும் அதே நேரத்தில் அதே எட்டு வைத்தது. கவுனும் பஞ்சும் அடித்துணியும் ஒன்றையொன்று முந்தாமல், பின்தங்காமல் போயின. ஒட்டுப்போட்ட தடிப்பான இடம் வந்தது. பாதம் ஏறி இறங்கித் தன்பாட்டுக்குப் போயிற்று. எத்தனையோ வண்டி ஓட்டியவர். இப்படி ஓர் ஓட்டத்தைக் கண்டதில்லை. பிரமித்துப் போனார்.

"இன்னொரு வரி போடுங்க," என்றாள் மனைவி. அவரை ஒட்டிக்கொண்டு நின்று, தையல் ஓடுவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். இருவருக்கும் காபி ஞாபகமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதும் ஞாபகமில்லை.

கடைசி வரி முடிந்தபோது வாசல் மணி அடித்தது. மனைவி கதவைத் திறக்கத் திரும்பினாள். போர்வையும் கூடவே கிளம்பியது.

மாவுக்கட்டைத் தாங்க அவள் கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியின் நுனி போர்வையின் அடியில் மாட்டி, அதோடு சேர்ந்து தைக்கப்பட்டிருந்தது. அந்த நாலாவது துணியையும் பாதம் ஒரு சுருக்கம் இல்லாமல் சமமாக நடத்தியிருந்தது. அந்த நிலையிலும் டிரைவருக்கு அதைப் பார்த்து ஆச்சரியப்படாமல் இருக்க முடியவில்லை. கத்தரியை எடுத்து அந்த வெள்ளைத் துணியை நறுக்கிவிட்டார்.

சம்பந்தியம்மா போர்வையை டிக்கெட் பரிசோதகரின் கண்ணோடு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலில் குறை அகப்படவில்லை. அடிப்பக்கத்து வெள்ளைத் துண்டு அகப்பட்டது.

"இது என்ன?"

"குழந்தை பேர் எழுத இடம் விட்டிருக்கேன்," என்றாள் மனைவி, கண் இமைக்காமல்.

"கட்டுப் போட்ட கையோடயா தச்சீங்க?"

"கை ஒடியறதுக்கு முன்னாடியே முடிச்சாச்சு."

டிரைவர் பிளாஸ்டர் ஒட்டிய விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டார். சம்பந்தியம்மா பெருமூச்சு விட்டு, தன்னுடையதைவிட நன்றாகவே வந்திருப்பதாக ஒப்புக்கொண்டாள். மனைவி வெற்றியோடு அவளை உள்ளே அழைத்துப் போனாள்.

கூடத்தில் டிரைவரும், சம்பந்தியம்மாவோடு வந்திருந்த அவள் கணவர் சம்பந்தியும் மிஞ்சினார்கள். சம்பந்தி எந்த விசேஷத்திலும் "ம்" என்பதற்கு மேல் பேசி யாரும் கேட்டதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நிற்பார். இப்போது அந்தக் கைகளைப் பிரித்து, போர்வையைத் தடவிப் பார்த்தார். கட்டைவிரலில் பிளாஸ்டர் இருந்தது. உள்ளறையை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, மிஷினிடம் போய்க் குனிந்தார். அந்தச் சின்னக் கையை வெகுநேரம் பார்த்தார். கண்கள் விரிந்தன.

"சம்பந்தி," என்றார் மிக மெல்ல, "இதைத் திருகு மேல மாட்டணும்னு தெரியாம, எங்க வீட்டுப் போர்வைக்கு நான் எத்தனை ஊசி உடைச்சேன் தெரியுமா?"