ஓட்டுநர் இருக்கை காலி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். நான் மட்டும் ஏழு மாதமாகச் சுகமில்லாமல் இருந்து, நேற்றுப் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து சுகம். மேல்முறையீட்டில் ஜெயித்துவிட்டேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் என்ற பட்டம் போய்விட்டது. இதை அத்தானுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. சம்பந்தி வீட்டாருக்கு அதைவிடச் சத்தமாகப் படித்துக் காட்டு.

நடந்ததை நீ அவர் சொல்லி இவர் சொல்லித்தான் கேட்டிருப்பாய். கண், காது, மூக்கு எல்லாம் வைத்திருப்பார்கள். எங்கள் டிரைவிங் ஸ்கூல் முதலாளி, தொழிலை மகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்ற அன்று மதிய விருந்து. மூன்று கோப்பை குடித்தேன், ஒளிக்கவில்லை. குடித்தவன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று இருபத்தாறு வருஷமாகப் பிறருக்குச் சொல்லி வருகிறவன் ஆகையால், மகனுக்குப் போன் போட்டு, "வந்து கூட்டிட்டுப் போடா" என்றேன். அவன் வரும்வரை மேட்டுத் தெருவில் நின்ற ஸ்கூல் காரில் ஏறி உட்கார்ந்தேன். எங்கே? பழக்கதோஷம், ஓட்டுநருக்குப் பக்கத்து வாத்தியார் இருக்கையில். சாவி சட்டைப்பையில். எங்கள் வண்டிகளில் வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, உனக்குத் தெரியும். வெயில் இதமாக இருந்தது. மர நிழல் கண்ணாடி வழியே வந்து மடியில் அசைந்துகொண்டிருந்தது. கண் சொக்கிவிட்டது.

கனவில் ஓட்டுநர் இருக்கையில் உன் தம்பி பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள். போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது, ஆனால் தலைக்குக் குளித்த ஈரம்கூட இன்னும் காயவில்லை. "ஊருக்கெல்லாம் கத்துக் கொடுக்கிறீங்க, எனக்கு எப்போ?" என்று உயிரோடிருந்த காலமெல்லாம் கேட்டவள். நாளைக்கு, நாளைக்கு என்றே நான் நாளைக் கடத்தியவன். கனவில் அவள் அதைக் கேட்கவேயில்லை. "ஹேண்ட் பிரேக்கை எடுக்கட்டுமா?" என்றாள்.

"நான் எடுக்கறேன், நீ நேரா பாரு" என்றேன்.

அங்கேதான் வந்தது வினை. கனவில் எடுத்த கை நிஜத்திலும் எடுத்திருக்கிறது.

மேட்டுத் தெரு நூல் பிடித்தாற்போல் இறங்குகிற தெரு. வண்டி சத்தமே இல்லாமல், தண்ணீரில் விழுந்த இலை போல இறங்கியது. தையற்கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, ரொட்டிக்கடை எல்லாம் ஒவ்வொன்றாக விலகி வழிவிட்டன. பாதசாரிகள் கடக்கும் கோட்டருகே ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தாள். "ஆள் வருது, பிரேக்கு" என்றேன். நின்றது. அவள் கடந்து போனாள். மறுபடி நகர்ந்தது. தெருக்கோடியில் போய் நின்ற இடம், போக்குவரத்துக் காவலருடைய வயிற்றுக்கு இரண்டு சாண் முன்னால்.

அவர் ஓட்டுநர் கதவைத் திறந்தார். காலி. பின்சீட்டைப் பார்த்தார். குனிந்து வண்டிக்கு அடியிலும் பார்த்தார்.

"யோவ், வண்டியை ஓட்டினது யாரு?"

"என் வீட்டுக்காரி சார். இப்பத்தான் இங்கே இருந்தா."

"எங்கே போனாங்க?"

இந்தக் கேள்விக்கு நான் அழுதேனாம். 'போதையின் அடையாளம்' என்று அறிக்கையில் எழுதிவிட்டார். ஊதச் சொன்னார், ஊதினேன், கருவி கூவியது.

கீழ்க்கோர்ட்டில், பிரேக் போட்டவன் ஓட்டியவனே என்று சொல்லி, உரிமத்தை ஒரு வருஷத்துக்குப் பிடுங்கினார்கள். முதலாளியின் மகள் என்னைக் கரும்பலகையில் அம்புக்குறி வரைய உட்கார்த்தினாள். என்னிடம் கற்றவர்கள் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் ஹாரன் அடித்தார்கள், மரியாதையா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

மேல்முறையீட்டுக்கு அகப்பட்டவர் கிசுகிசு வக்கீல். பெற்ற தாயிடம்கூடக் காதோடுதான் பேசுவாராம். "எது கேட்டாலும் ஞாபகம் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க" என்று என் காதில் ஓதிவிட்டு எழுந்து நீதிபதியம்மாவிடம் சொன்னார். "சாவி பையில, இருக்கை காலி. ஓட்டினது சரிவுங்கம்மா. தண்டிக்கணும்னா சரிவைத் தண்டிங்க."

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "சரிவு கோட்டுக்கிட்ட நின்னு, பச்சைக் குழந்தைக்கு வழி விடுமா?"

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க. வண்டியை யார் ஓட்டினாங்க?"

ஞாபகம் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கனவு முழுக்க, ஈரத் தலை உட்பட, கொட்டிவிட்டது. தட்டச்சுக்காரர் விரலை நிறுத்திவிட்டார். கிசுகிசு வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்களுக்கு நீங்க கத்துக் கொடுக்கவே இல்லையா?"

"இல்லைங்கம்மா."

"ஏன்?"

அக்கா, மூன்று கோப்பையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டார்கள், அசரவில்லை. இதற்கு மட்டும், "நாளைக்கு, நாளைக்குன்னே இருந்துட்டேங்கம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். தூக்கத்தில் கைகால் செய்வது ஓட்டுவது ஆகாது, தண்டனை ரத்து, உரிமத்தைத் திருப்பிக் கொடு என்று தீர்ப்புச் சொன்னார்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் முன்னால் பார்த்து, பின்னால் பார்த்து, மெதுவாகப் போய் நூறாண்டு இருங்கள்.

உன் தம்பி

பி.கு.: இதை மட்டும் யாருக்கும் படித்துக் காட்டாதே. கோட்டருகே பிரேக் மிதித்தபோதே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. முழுதாக விழித்தால் அவள் இறங்கிப் போய்விடுவாள் என்று, ஒரு கண்ணைத் தெருவுக்கும் மற்றதை அவளுக்கும் வைத்துக்கொண்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். தெருக்கோடி வரைக்கும் நான்தான் ஓட்டினேன், அக்கா. இன்று காலை வக்கீலிடம் சொன்னேன். முதல்முறையாகக் கத்தினார்: "வாயை மூடுங்க!" நேற்றே கைக்கு வந்த உரிமத்தைத் திருப்பித் தரலாம் என்று போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். "இங்கே குடுக்கிறதுக்குத்தான் ஜன்னல் இருக்கு, திருப்பி வாங்கிக்கிறதுக்கு இல்லை" என்று சாத்திவிட்டார்கள். ஆகவே இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். ஒரு வருஷம் உன்னிடம் இருக்கட்டும். நானே வந்து கெஞ்சினாலும் கொடுக்காதே.