கோச் டைக்ஸ்ட்ராவின் ராசித் துண்டு

"உரசல்தான் ஜோலீன். மேட்ல முகத்தை வச்சு அழுத்தினா..."

"உரசல் எங்கயாவது காம்பஸ் வச்சு வரைஞ்ச மாதிரி..."

"...தேயத்தான் செய்யும், இதுக்குப் போயி காலங்காத்தால..."

"...வட்டமா வருமா மெர்வின்? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. வட்டமா வருமா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டைக்ஸ்ட்ரா வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். ஒருவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தால் மற்றவர் கிழவராகிவிடுவார் என்பது இருவருக்குமே தெரியும்.

நடுவில், சாப்பாட்டு மேஜையருகே கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் கால்டர். எல்க்பெண்ட் காலேஜ் குஸ்தி அணியின் மிக லேசான ஆள். அவனுடைய எடைப் பிரிவில் ஒரு கவளம் கூடினாலும் வெளியே தள்ளிவிடுவார்கள். ஆகவே தன் கழுத்தைப் பற்றிய விவாதத்தில் அவன் மனம் இல்லை. ஜோலீனின் தட்டில் இருந்த வெண்ணெய் தடவிய டோஸ்ட்டையே காதலியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் காதுக்குக் கீழே, காசு அகலத்துக்கு, செக்கச் செவேலென்று ஒரு வட்டம்.

"படர்தாமரை," என்றாள் ஜோலீன். "என் பார்லருக்கு வர்ற அம்மாக்கள்ல பாதிப் பேரு குஸ்திக்காரப் பசங்களைப் பெத்தவங்க. எனக்குத் தெரியாதா?"

"அந்த வார்த்தையை இந்த வீட்ல சொல்லாத."

"சொல்லலேன்னா போயிடுமா?"

போகாது என்று மெர்வினுக்கும் தெரியும். அயோவாவில் குஸ்தி கோச்சாக இருப்பவனுக்குப் படர்தாமரை தெரியாது என்று சொன்னால், மீன்காரனுக்கு நாற்றம் தெரியாது என்பதுபோல்தான். ஒவ்வொரு மோதலுக்கு முன்பும் எடை பார்க்கிற இடத்திலேயே பையன்களின் தோலையும் டாக்டர் பார்ப்பார். வட்டம் தெரிந்தால் ஆள் மேட் என்கிற குஸ்தி விரிப்பில் கால் வைக்க முடியாது. ஆள் இறங்காத எடைக்கு ஆறு புள்ளி எதிரணிக்குத் தானமாகப் போகும்.

அந்த வாரம் மூன்று மோதல்கள். செவ்வாய், வியாழன், சனி. செவ்வாயும் வியாழனும் தோற்றால் ஊரில் யாரும் கேட்கப்போவதில்லை. சனிக்கிழமை அப்படியில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரெண்ட்விக் காலேஜோடு, அவர்கள் அரங்கத்தில். ஆறு வருஷமாகத் தொடர்ந்து தோல்வி. விளையாட்டுத் துறை டைரக்டர் நோரீன் வெல்ச் போன வாரம்தான் மெர்வினைக் கூப்பிட்டு, மிகவும் அன்பாக, ஒரு கப் காபியும் கொடுத்துச் சொல்லியிருந்தாள்.

"இந்தத் தடவையும் தோத்தா, குஸ்தி ரூமை யோகா வகுப்புக்குக் குடுத்துடறோம் மெர்வின். உங்களுக்கு ஒண்ணும் குறை வைக்க மாட்டோம். கோல்ஃப் டீம் இருக்கு."

யாரையும் பிடித்துக் கீழே தள்ளாத ஒன்றை எப்படி விளையாட்டு என்று சொல்கிறார்கள் என்பதே மெர்வினுக்குப் புரிந்ததில்லை. அன்றிலிருந்து தூக்கத்தில்கூட குழியில் நட்ட சின்னக் கொடிகளும் பச்சைப் புல்லுமாக வந்தன.

"எல்லாம் அந்த பெக்கோட வேலை," என்றான் மெர்வின். ரோலண்ட் பெக் பிரெண்ட்விக்கின் கோச். "நவம்பர்ல பயிற்சி ஆட்டத்துக்கு அவனோட பழைய மேட்டைத்தானே விரிச்சான்? அந்த மேட்ல இருந்து வந்திருக்கு."

"ஜனவரி வரைக்கும் காத்திருந்து வந்துதாக்கும்."

"பெக் பொறுமைசாலி."

சொல்லிக்கொண்டே மடியில் கிடந்ததைத் தடவிக்கொடுத்தான். மடியில் கிடந்தது ஜெனரல். பழுப்பும் மஞ்சளுமாக, தின்று கொழுத்த ஒரு பூனை. பிரெண்ட்விக் அணியின் சின்னம் காட்டுப்பூனை. அதற்கு அடையாளமாக அவர்கள் குஸ்தி அறையில் வளர்த்த நாட்டுப்பூனைதான் ஜெனரல். எதிரணியின் சின்னத்தைத் திருடுவது இந்த இரண்டு காலேஜுக்கும் பழைய வழக்கம். அக்டோபரில் ஒரு நாள் மெர்வினின் பையன்கள் ஆற்றைத் தாண்டிப் போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கோச் என்ற முறையில் மெர்வின் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தான். கண்டித்துவிட்டு, பூனையை வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒளித்துவைத்து, தினமும் டப்பா மீன் வாங்கிப் போட்டான்.

ஆறு வருஷத்தில் பிரெண்ட்விக்கிடமிருந்து எல்க்பெண்ட் ஜெயித்து எடுத்துவந்தது அது ஒன்றுதான்.

"ஒரு போன் பண்ணலியே பாத்தியா ஜோலீன்? போலீசுக்கும் போகலை. வெளிய சொன்னா மானம் போயிடும்னு பெக் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கான்."

"முதல்ல அந்த ஜெனரலை இறக்கி விடு. என் கறுப்புச் சட்டையெல்லாம் முடி." ஜோலீன் பூனையை இதுவரை ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை.

"காதுக்குப் பின்னால பாரு, முடியே இல்ல. போர்த் தழும்பு. எத்தனை சண்டை பாத்த ஆளு தெரியுமா?"

ஜெனரல் படுத்துத் தூங்கும் சாம்பல் துண்டுதான் மெர்வினின் ராசித் துண்டு. பூனை வந்த பிறகு முதல் இரண்டு மோதலிலும் ஜெயம். எதிரியின் அதிர்ஷ்டம் துண்டு வழியாக இந்தப் பக்கம் இறங்கிவிட்டது என்பது மெர்வினின் கண்டுபிடிப்பு. அன்றிலிருந்து மேட்டில் இறங்கும் ஒவ்வொரு பையனின் கழுத்தையும் முகத்தையும் அந்தத் துண்டால் அழுத்தித் துடைத்துத்தான் அனுப்புவான். ராசி போய்விடும் என்று அதைத் துவைக்க விட்டதில்லை.

"இப்ப இந்தக் கழுத்துக்கு என்ன வழி?" என்றான் மெர்வின். "நீதான் பார்லர்காரி."

ஜோலீன் பெருமூச்சு விட்டு, கல்யாணப் பெண்களுக்குப் போடும் மேக்கப் பெட்டியைத் திறந்தாள். "அசையாம இரு கண்ணு. உன்னோட நிறத்துக்கு 'இளம்பீச்' சரியா இருக்கும்."

"ஆன்ட்டி, இதுல எடை ஏறுமா?" என்றான் கால்டர்.

செவ்வாய்க்கிழமை தோல் பரிசோதனையில் டாக்டர் கால்டரின் கழுத்தைப் பார்த்து, இவ்வளவு நல்ல தோல் உள்ள பையனைத் தான் கண்டதே இல்லை என்று பாராட்டினார். மெர்வின் ராசித் துண்டால் துடைத்து அனுப்பினான்; மேக்கப்பில் பாதி அங்கேயே போயிற்று. மீதி, ஆட்டத்தின் இரண்டாவது கட்டத்தில் வியர்வையோடு இறங்கி எதிராளியின் வெள்ளைச் சட்டையில் ஒட்டியது. நடுவர் ஊதி நிறுத்தினார்.

"கோச், உங்க பையன் குஸ்திக்கு வந்திருக்கானா, நடன விருந்துக்கு வந்திருக்கானா?"

கால்டர் வெளியே. மோதலும் தோல்வி.

வட்டம் இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டதால், புதன்கிழமை மெர்வின் அதை வேரோடு அழிக்கத் தீர்மானித்தான். ப்ளீச்சிங் கேன்களை வாங்கிவந்து குஸ்தி அறை முழுக்கக் கொட்டினான். தண்ணீர் கலக்க வேண்டும் என்று கேனில் எழுதியிருந்தது. கோழைகளுக்காக எழுதியது என்று நினைத்துவிட்டான்.

"கோச், கண்ணு எரியுது."

"எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"கோச், சுவரெல்லாம் வெளுக்குது."

"கோச், மூச்சு..."

"சரி சரி, எல்லாரும் வெளிய வாங்கடா."

அறைக்குள் ஒரு வாரத்துக்கு யாரும் நுழையக் கூடாது என்று பூட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள் காலேஜ்காரர்கள். நோரீன் எட்டிப்பார்த்து, யோகாவுக்கு வெள்ளைச் சுவர் பொருத்தம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மெர்வின் அசரவில்லை. கிருமி பிடித்த இடத்திலிருந்து பையன்களை மொத்தமாகப் பிரித்துவிட வேண்டும் என்று அணியையே தன் வீட்டுக்குக் கூட்டிவந்தான். கீழ்த்தளத்தில் கம்பளங்கள் விரித்து, அங்கேயே பயிற்சி, அங்கேயே படுக்கை.

"எத்தனை பேரு?" என்றாள் ஜோலீன் வாசலில்.

"பத்தே பேருதான். எடை குறைக்கிற பசங்க, சாப்பிடவே மாட்டாங்க."

"ஓடிஸ்?"

ஓடிஸ் கனத்த எடைக்காரன். அவன் எடை குறைக்க வேண்டியதில்லை. அந்தச் சமயம் குளிர்சாதனப் பெட்டிக்குள் தோள் வரைக்கும் போயிருந்தான்.

"ஆன்ட்டி, இந்த ஹாம் யாருக்காவது எடுத்து வச்சதா?"

"சர்ச்சுல ஞாயித்துக்கிழமை விருந்துக்கு, கண்ணு."

"அப்படியா," என்றான் ஓடிஸ் வருத்தத்தோடு. மென்றுகொண்டேதான் வருத்தப்பட்டான்.

எதிரியின் பூனையோடு ஒரே கூரையின் கீழ் தங்குவது பையன்களுக்குப் பெரிய கௌரவம். முறை வைத்துக்கொண்டு அதைக் கட்டிப்பிடித்துத் தூங்கினார்கள். ஓடிஸின் நெஞ்சு அகலம் என்பதால் ஜெனரல் பெரும்பாலும் அங்கேயே கிடந்தது.

வியாழக்கிழமை காலையில் நாலு பேருக்கு வட்டம்.

"அந்த மேட்டோட வேகத்தைப் பாத்தியா," என்றான் மெர்வின். "தொடாமலே பரவுது." சட்டைக் காலருக்குள் விரலை விட்டுப் பரபரவென்று சொறிந்துகொண்டான். "இந்தக் கம்பளிக் காலர் வேற."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ மெர்வின்."

"போனா ரெண்டு வாரம் ஓய்வும்பாரு. சனிக்கிழமை ரெண்டு வாரம் கழிச்சா வருது?"

வட்டங்களை மூடிக் கட்டிவிட்டால் டாக்டர் பிரித்துப் பார்க்கச் சங்கடப்படுவார் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். ஒரு கட்டு மட்டும் போட்டால் சந்தேகம் வருமே என்று, வட்டம் இல்லாதவர்களுக்கும் சேர்த்துக் கட்டினான். அன்று மாலை எல்க்பெண்ட் அணி அரங்கத்துக்குள் நுழைந்ததைப் பார்த்த ஒரு பாட்டியம்மா, பஸ் எங்கே கவிழ்ந்தது என்று கேட்டாள். டாக்டர் சங்கடப்படவே இல்லை. கத்தரிக்கோலோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நாலு எடைக்கும் புள்ளி தானம். இரண்டாவது தோல்வி.

திரும்பும் வழியில் மெர்வினுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பெக்குக்குப் போன் போட்டான்.

"பெக், உன்னோட மேட்டை என்னடா பண்ணின?"

"மேட்டா? நல்லா இருக்கே. நீ எப்படி இருக்க மெர்வின்?"

"என் பசங்க மேலெல்லாம் வட்டம்."

"அய்யய்யோ." பெக் தொண்டையைச் செருமினான். "எங்க பசங்க இப்பல்லாம் நல்லா இருக்காங்க. அக்டோபருக்கு அப்புறம் ஒருத்தனுக்கும் ஒண்ணும் இல்ல."

"கேலி பண்றியா?"

"இல்ல மெர்வின். சனிக்கிழமை என் வீட்டுக்காரி கறியும் பீன்ஸும் போட்டு சில்லி பண்றா, இலவங்கப்பட்டை ரோலும் உண்டு. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

எதிரி அன்பாகப் பேசினால் ஏதோ சதி என்பது குஸ்திக்காரர்களின் கணக்கு. அந்தக் கணக்கை மெர்வின் சரியாகத்தான் போட்டான். விடையைத்தான் வேறு இடத்தில் எழுதினான்.

"இனி மருந்தெல்லாம் வேலைக்காகாது," என்றான் வெள்ளிக்கிழமை ஜோலீனிடம். "அதிர்ஷ்டம் குறைஞ்சிருக்கு. அதான் விஷயம்."

"அதிர்ஷ்டமா? உனக்கா? அது எப்ப நிறைஞ்சிருந்துது?"

"கிண்டல் பண்ணு. அந்தத் துண்டை இதுவரைக்கும் கழுத்துக்கும் முகத்துக்கும் மட்டும்தான் போட்டேன். அங்கதான் தப்பு."

அன்று மாலை பத்துப் பேரையும் சட்டையில்லாமல் வரிசையாக நிற்கவைத்தான். ஜெனரலை எழுப்பி, அதன் அடியிலிருந்து துண்டை உருவி, முதுகு, மார்பு, கை, கால் என்று ஒவ்வொருவனையும் தேய்த்தான். பித்தளைக் குடம் தேய்ப்பதுபோல் தேய்த்தான். நடுநடுவே அதிர்ஷ்டம் தீர்ந்துவிடாமலிருக்கத் துண்டைப் பூனைமேல் ஒரு புரட்டுப் புரட்டிக்கொண்டான்.

"கோச், கூசுது," என்றான் ஓடிஸ்.

"கூசட்டும். நாளைக்கு ஜெயிக்கணுமா, வேணாமா?"

"ஜெயிக்கணும் கோச்."

"அப்ப கையைத் தூக்கு."

சனிக்கிழமை பிரெண்ட்விக் அரங்கம் நிரம்பி வழிந்தது. நோரீன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், யோகா பாய்களின் விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டு. தோல் பரிசோதனைக்குப் போன பத்துப் பேரில் ஆறு பேரை டாக்டர் ஓரமாக நிற்கவைத்தார். ஓடிஸின் நெஞ்சைப் பார்த்தபோது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

ஆறு எடைக்கு ஆறாறு புள்ளி, முப்பத்தாறு. மிச்சமிருந்த நாலு பேரும் மேட்டில் இறங்கினார்கள். நாலு பேருமே எதிராளியின் தோளை மேட்டில் அழுத்தி, முழுப் புள்ளியோடு ஜெயித்தார்கள். ஆறு வருஷத்தில் எல்க்பெண்ட் அப்படி ஆடியதே இல்லை. வெளியே நின்ற கால்டர், போன வருஷம் தன்னைத் தோற்கடித்தவன் எதிரே ஆளில்லாமல் கையை உயர்த்திக்கொண்டு போவதைப் பார்த்து மூக்கை உறிஞ்சினான். மோதல் முடிந்தபோது பலகையில் முப்பத்தாறுக்கு இருபத்துநாலு என்று எரிந்தது. பிரெண்ட்விக்கின் முப்பத்தாறில் ஒன்றுகூட அவர்கள் வியர்த்துச் சம்பாதித்ததில்லை.

நோரீன் எழுந்து வந்து மெர்வினின் கையைக் குலுக்கினாள். "நல்லா ஆடினாங்க. திங்கக்கிழமை வாங்க, கோல்ஃப் வண்டிச் சாவி குடுத்துடறேன்."

மெர்வின் காலியான பெஞ்சில் தனியாக உட்கார்ந்தான். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. ராசித் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். காலருக்குள் கையை விட்டுச் சொறிந்தான். பிறகு கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் கழுத்தைப் பார்த்து, சொறிந்த விரலை மெதுவாக வெளியே எடுத்தான்.

அப்போது ஒரு கிண்ணம் சில்லியும், அதன்மேல் ஒரு இலவங்கப்பட்டை ரோலுமாக மிசஸ் பெக் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வட்ட முகம், சுத்தமான ஏப்ரன், நல்ல மனசு.

"சூடா இருக்கு, சாப்பிடுங்க கோச். உங்களைப் பாத்தா ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்," என்றாள் குரலைத் தாழ்த்தி. "ஜெனரலுக்கு அந்தத் தோல் வியாதி ஆறிடுச்சா? யாருக்காவது தள்ளிவிட்ருங்கன்னு மிருக டாக்டர் சொன்னாரு, எங்க கையால தூக்கிக் குடுக்க எங்களுக்கு மனசே வரல. அதான் உங்க பசங்க வருவாங்க வருவாங்கன்னு ஒரு வாரமா கதவைத் திறந்தே வச்சிருந்தோம்."