சார் மாதிரி ஒருத்தர்

"நீங்கள் தேவானந்தம்தானா என்று சந்தேகமாக இருக்கிறது" என்றது லேப்டாப்.

தேவானந்தத்துக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து அவர் தேவானந்தம்தான். சிட்லபாக்கம் வீட்டு வாசலில் பித்தளைப் பலகையே அப்படித்தான் சொல்கிறது.

கோவிலம்பாக்கத்தில் ஒரு தண்ணீர் பம்ப் கம்பெனிக்கு அவர் சேல்ஸ் மேனேஜர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை. அப்படி வேலை பார்ப்பவர்களுக்காகக் கம்பெனி 'ஜீரோ டிரஸ்ட்' என்று ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வாங்கியிருந்தது. அது கிளவுடில் இருந்துகொண்டு, உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் நிமிஷத்துக்கு நிமிஷம் சந்தேகப்படும். முதலாளியையும் நம்பாது. "காலம் கெட்டுக் கிடக்கு சார், வாங்கியே ஆகணும்" என்று ஆபரேஷன் செய்த காலோடு ஒற்றைக்காலில் நின்றவரே தேவானந்தம்தான்.

சாயங்காலம் நாலு மணிக்குள் ஓர் ஆஸ்பத்திரி டெண்டருக்குக் கொட்டேஷன் போயாக வேண்டும். அதைக் கோட்டைவிட்டால் தினமும் ஆபீசுக்கு வரவேண்டியிருக்கும் என்று முதலாளி சொல்லியிருந்தார். மேடவாக்கம் டிராஃபிக்கை நினைத்தாலே முழங்கால் வலித்தது.

ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் போட்டார். ஜெரூஷா என்ற பெண் எடுத்தாள்.

"முகம் ஓகே சார். லேப்டாப் ஓகே. உங்க நடவடிக்கைதான் சரியில்ல."

"ஏம்மா, யாரைப் பாத்து என்ன பேசறே?"

"ஐயோ, அந்த நடவடிக்கை இல்ல சார்! நீங்க டைப் அடிக்கிற விதம், மவுஸை நகத்துற விதம் எல்லாத்தையும் சிஸ்டம் நாலு மாசமா கத்து வெச்சிருக்கு. இன்னிக்கு நீங்க உங்கள மாதிரி அடிக்கல. ரொம்ப ஸ்லோ."

ஸ்லோவா? தேவானந்தம் பத்து விரலையும் கீபோர்டில் இறக்கி அடைமழையாக அடித்தார். திரை சிவந்தது.

"சார், இப்ப நீங்க மனுஷனே இல்லேங்குது."

வீட்டு வைஃபைதான் ஏதோ சதி செய்கிறது என்று முடிவுகட்டி, போன் நெட்டுக்கு மாற்றினார். அந்த நெட் அவரைப் பெங்களூரில் இருப்பதாகக் காட்டியது. கண் மூடித் திறப்பதற்குள் சிட்லபாக்கத்திலிருந்து பெங்களூர் போகிற ஆளை எந்த சிஸ்டம்தான் நம்பும்?

அடுத்து முதலாளி ஏகநாதனே கூப்பிட்டார்.

"யோவ், எவனோ உன் பேரைச் சொல்லிக்கிட்டு கம்பெனிக்குள்ள பூந்துடப் பாக்கறானாம். பெங்களூர்க்காரனாம்!"

"சார், அது நான்தான்!"

"அவன் நீயா?"

"இல்ல சார், நான்தான் அவன். அதாவது... நான் நான்தான் சார்!"

"உளறாதே. பொன்னுரங்கத்தை அனுப்பறேன். அவன் பாத்து, நீதான்னு சொல்லட்டும்."

பொன்னுரங்கம் கம்பெனி வாட்ச்மேன். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தேவானந்தத்தை நேரில் பார்த்ததில்லை. டிராஃபிக்கில் வெந்து வந்து சேர்ந்தவர், ஆபீசில் கொடுத்தனுப்பிய போட்டோவையும் தேவானந்தத்தின் தலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதுல முடி கீது சார்."

"அது பழைய போட்டோய்யா!"

பொன்னுரங்கம் ஜெரூஷாவுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். "பாத்துட்டேன் மேடம். சார் மாரிதான் கீறாரு."

"சார் மாதிரியா? சாரேவா?"

"அத்த நான் இன்னான்னு சொல்றது மேடம்? மாரிதான் கீறாரு."

நேரில் ஆள் அனுப்பியும் உறுதியாகவில்லை என்று சிஸ்டத்தில் பதிவானது. லேப்டாப் மொத்தமாகப் பூட்டிக்கொண்டது.

"கடைசியா ஒரே ஒரு தடவை திறந்து விடறேன் சார்" என்றாள் ஜெரூஷா. "இதுவும் தப்பாப் போச்சுன்னா நாளைக்குத்தான்."

தேவானந்தம் கீபோர்டின் மேல் கையைக் கொண்டுபோனார். எந்த விரலை முதலில் வைப்பது என்றே தெரியவில்லை. தான் எப்படி இருப்போம் என்பது அவருக்கே மறந்துவிட்டது போலிருந்தது.

அந்த நேரத்தில் கேட் திறக்கும் சத்தம். காலையில் சேலையூரில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த மனைவி கிருபா உள்ளே வந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்; கணவரைப் பார்த்தாள்.

"மூணரை ஆச்சு. இன்னுமா அனுப்பல? உங்கள யாரு அதைத் தொடச் சொன்னது? தள்ளுங்க."

தேவானந்தம் வழக்கம்போல கேமராவுக்கு முகத்தைக் காட்டிவிட்டு, வழக்கம்போல நாற்காலியை விட்டு எழுந்தார். கிருபா வளையலை மேலே தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"மதிப்பிற்குரியன்னு ஆரம்பி..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் பாதிப் பக்கத்தைத் தாண்டியிருந்தாள்.

"அந்த ரேட் வேண்டாம். போன டெண்டர் அதுலதான் கைவிட்டுப் போச்சு. குறைச்சுப் போடறேன்."

"அதான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் தேவானந்தம்.

திரை பச்சையானது. கொட்டேஷன் போய்ச் சேர்ந்தது.

"சூப்பர் சார்!" ஸ்பீக்கரில் ஜெரூஷா கூவினாள். "நூத்துக்கு நூறு பொருந்துது! நாலு மாசமா வேலை பாக்கறது இதே ஆள்தானாம். பொன்னுரங்கம் அண்ணா, ரிப்போர்ட்ல என்ன எழுதிக்கட்டும்?"

பொன்னுரங்கம் நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார். பின்னால் நின்றவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு பொறுப்போடு சொன்னார்:

"எய்திக்கோ மேடம். நெஜ சாரு கெடைச்சிட்டாரு. பச்சைப் பட்டுப் பொடவை கட்டிகினு கீறாரு."