புற்றுக்குள் கேபிள் இழுத்த கதை

ஒரு காட்டில், இலுப்பை மரத்தடிப் புற்றொன்றில், மாசிலாமணி என்கிற கீரி தன் மனைவி சௌந்தரத்தோடும் மகள் பூங்கோதையோடும் குடியிருந்தது. அதே புற்றின் பக்கவாட்டில் சங்கிலி என்கிற நல்லபாம்பு தனிக்கட்டையாக இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர். சுவர் தாண்டிப் பேச்சுவார்த்தை கிடையாது. பகை எதற்காக வந்தது என்று இரு வீட்டிலும் யாருக்கும் தெரியாவிட்டாலும், ஒருநாளும் அதில் குறை வைத்ததில்லை.

மாசிலாமணி நல்ல கீரி. பேச ஆரம்பித்தால் நிறுத்தாது, அவ்வளவுதான். பூங்கோதையைப் பெண் பார்க்க யார் வந்தாலும் உட்காரவைத்து, தன் முப்பாட்டனார் எந்தப் புதரில் எந்தப் பாம்பை எப்படி மடக்கினார் என்று தொடங்கிவிடும். தட்டில் வைத்த தவளை வறுவல் ஆறிப்போகும். வந்தவர்கள் எழுந்து போனால் திரும்பி வரமாட்டார்கள். நம் குலப்பெருமைக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்று மாசிலாமணி நினைத்துக்கொள்ளும்.

இந்த முறை வந்த இடம் வேறு மாதிரி. அக்கரைக் கீரிக் குடும்பத்துத் தவசியைப் பூங்கோதையே சந்தையில் பார்த்துப் பேசி, பிடித்துப்போய், வீட்டில் சொல்லியிருந்தது. பெண் பார்க்கக் கிளம்புகிற நேரத்தில் ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதையும் தள்ளிப்போட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று தவசியின் அம்மா கண்டிப்பாகச் சொல்லியனுப்பியது.

மாசிலாமணி உடனே மரங்கொத்தியை வரவழைத்து வைஃபை வைத்தது. ரூட்டரை வீட்டுக்கு நடுவில் வைக்கச் சொல்லி மரங்கொத்தி தலைபாடாக அடித்துக்கொண்டது. பச்சை விளக்கு மினுக்குவது போகிற வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டாமா என்று மாசிலாமணி அதைப் புற்றின் உச்சியில் மாட்டியது. ஆகவே சிக்னல் உச்சியில் மட்டும்தான் கிடைத்தது. உச்சியிலோ மழை ஒழுகியது. உட்கார்ந்து பேசத் தோதான உள்கூடத்தில் சௌந்தரத்தின் போனும் பூங்கோதையின் லேப்டாப்பும் இணைப்புக் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன.

எல்லாவற்றையும் இணைக்க வீட்டுக்குள் ஒரு வலை போட வேண்டும் என்றது மரங்கொத்தி. வலை என்ற சொல் காதில் விழுந்ததும் சௌந்தரம் பரணுக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. இது கேபிள் வலை, வேடன் வலை இல்லை என்று புரியவைத்து வெளியே கூட்டிவருவதற்குள் பாதி நாள் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. உச்சியிலிருந்து கூடத்துக்குக் கேபிள் போக ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது சங்கிலியின் பொந்து வழியாகப் போனது. வளைந்து நெளிந்து போகிற அந்தக் குறுகல் பாதையில் கீரியின் தலைகூட நுழையாது.

மாசிலாமணி ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் யோசித்தது. மகள் முகத்தைப் பார்த்தது. பிறகு போய்ச் சங்கிலியின் கதவைத் தட்டியது.

சங்கிலி படத்தை விரித்துக்கொண்டுதான் கதவைத் திறந்தது. விஷயத்தைக் கேட்டதும் மெல்லச் சுருக்கிக்கொண்டது. பாப்பா கல்யாணம் என்றால் தானே இழுத்துத் தருவதாகச் சொல்லி, கேபிள் நுனியை வாயில் கவ்வி உள்ளே போய், எல்லா வளைவும் கடந்து கூடத்தில் தலையை நீட்டியது. அவ்வளவு நேர்த்தியான வேலையைத் தான் பார்த்ததில்லை என்றது மரங்கொத்தி. கூலி வேண்டாம், இணைப்பில் தனக்கும் ஓர் இடம் கொடுத்தால் போதும் என்றது பாம்பு.

"பாஸ்வேர்ட் சொல்லுங்க, அண்ணாச்சி."

மாசிலாமணி தொண்டையைச் செருமியது. கூரையைப் பார்த்தது. தரையைப் பார்த்தது.

"பாம்புக்கெமன்."

சங்கிலி தன் போனில் பிளந்த நாக்கால் எழுத்துகளைத் தேடியது. "சேர்த்து அடிக்கணுமா, பிரிச்சா?"

"சேர்த்துத்தான்."

இணைப்பு கிடைத்துவிட்டது. பாம்பு நன்றி சொல்லிவிட்டுப் போனது. மாசிலாமணிக்கு அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

பெண் பார்க்கும் நாள் வந்தது. திரையில் அக்கரைக் குடும்பம் துல்லியமாகத் தெரிந்தது. பூங்கோதை வணக்கம் சொன்னது. இரண்டு அம்மாக்களும் மழையைப் பற்றியும் மண் ஈரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். சம்பந்தி ஒரு வார்த்தை சொல்லட்டுமே என்று தவசியின் அப்பா கேட்டது. இதற்காகத்தானே காத்திருந்தேன் என்று மாசிலாமணி முன்னால் நகர்ந்து, "எங்க முப்பாட்டனார் காலத்துல..." என்று வாயைத் திறந்தது. படம் அப்படியே உறைந்துவிட்டது.

மாசிலாமணி லேப்டாப்பைத் தட்டியது, சுவிட்சை அணைத்துப் போட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் பலமாக மகுடி இசை கேட்டது. மாசிலாமணிக்கு ரத்தம் கொதித்தது. மண்சுவரை ஒரே பாய்ச்சலில் உடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், சங்கிலி கண்ட இடத்திலெல்லாம் இரவல் வாங்கிவந்த போன்களைப் பரப்பிவைத்து, எல்லாவற்றிலும் பெரிய பெரிய மகுடி வீடியோக்களாக ஓடவிட்டு வைஃபை முழுவதையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

கீரி அதன் கழுத்தில் பல்லை வைத்துவிட்டது. பாம்பு எதிர்க்கவில்லை.

"கடிக்கிறதுன்னா கடிங்க. பாப்பா கேட்டுக்கிட்டதைத்தான் செஞ்சேன்."

"எந்தப் பாப்பா?"

"உங்க பொண்ணுதான். அப்பா முப்பாட்டனாரைக் கூப்பிட்டதும் வீடியோவைப் போட்டுருங்க மாமான்னு சொல்லிவச்சிருந்தது."

மாசிலாமணியின் பிடி தளர்ந்தது. உடைந்த சுவருக்கு அப்பால் பூங்கோதை நின்றுகொண்டிருந்தது. அது தலையைக் குனியவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அந்த நேரத்தில் சௌந்தரத்தின் போனில் அக்கரையிலிருந்து சாதாரண அழைப்பு வந்தது. திரையில் கடைசிவரை தெரிந்தது மாசிலாமணியின் முகம்தானாம். வாயைத் திறந்தும் ஒரு சொல் சிந்தாமல், அப்படியோர் அமைதியோடு உட்கார்ந்திருந்த சம்பந்தியைத் தங்கள் குலத்திலேயே கண்டதில்லை என்று தவசியின் அம்மா உருகியது. வெள்ளம் வடிந்ததும் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. பூங்கோதை அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதது.

மாசிலாமணி சங்கிலியின் பொந்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. மகிழ்ச்சிதான். ஆனாலும் உள்ளே எங்கோ சுருக்கென்றிருந்தது. கடைசியில் மெதுவாகக் கேட்டது:

"நான் அவ்வளவு அதிகமாவா பேசுறேன்?"

பாம்பு அதையே பார்த்தது. பாம்புக்குக் கண் இமைக்கிற வழக்கம் இல்லை என்பதால், அது யோசிக்கிறதா அல்லது அதுவும் உறைந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க முடியாமல் மாசிலாமணி எழுந்து வீட்டுக்குப் போனது.

நீதி: பெண்ணைக் கட்டிக்கொடுக்க நினைக்கும் தகப்பன், வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டைத் தன் ஜென்ம விரோதியிடம் கொடுத்துவைப்பது நல்லது.