தங்கபுஷ்பத்தின் வளை பரிசீலனையில் உள்ளது

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் தடங்கலில்லாமல் கிடைக்கும் ஒரு காட்டில், தங்கபுஷ்பம் என்றொரு எறும்புதின்னி தன் குட்டியோடு வளை தோண்டிக் குடியிருந்தாள். உடம்பெல்லாம் செதில், மனசெல்லாம் பயம். யாராவது கொஞ்சம் உரக்கப் பேசினாலே பந்தாகச் சுருண்டுகொள்வாள். அப்படிப்பட்டவளுக்கும் காட்டில் ஒரு பேர் இருந்தது. டப்பா ஒளித்துவைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

டப்பா தேடும் விளையாட்டு அப்போது அந்தக் காட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் எண்களைப் போனில் பார்த்து இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்தபடியே நடந்துபோய்த் தேடி எடுப்பார்கள். உள்ளே இருக்கும் சீட்டில் பேர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். டப்பாவில் இருக்கும் பொருளை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பதிலுக்கு ஒன்றை வைக்கவேண்டும். விளையாட்டில் சேராத யாராவது அந்தப் பக்கம் வந்தால், முதுகு சொறிவதுபோல் பாவனை செய்யவேண்டும். பரிசு என்று ஒன்றும் கிடையாது. கண்டுபிடித்தவர் பேருக்குப் பக்கத்தில் ஓர் எண் ஏறும். அந்த எண்ணுக்காகக் காடே மேய்ச்சலை மறந்து அலைந்தது.

எண்ணிக்கையில் முதலிடம் புலிக்கு. அவர் அப்படியொன்றும் கெட்டிக்காரர் இல்லை. அவர் வருவது தெரிந்தால், தேடிக்கொண்டிருப்பவர்கள் டப்பாவை அவர் வழியில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

இந்த விளையாட்டு ஆவுடையப்பன் என்ற ஆமையின் தளத்தில்தான் வெகுகாலமாக நடந்துவந்தது. புது டப்பா எதுவானாலும் அவர் பரிசீலித்து ஒப்புதல் தரவேண்டும். தருவார். டப்பாவை ஒளித்துவைத்த மரம் பட்டுப்போன பிறகு ஒப்புதல் வந்ததும் உண்டு. பரிசீலனையில் இருக்கும் இடத்தை யாரும் நெருங்கக்கூடாது. நெருங்கினால் அதுவரை சேர்த்த எண்ணெல்லாம் பூஜ்யமாகிவிடும். மற்ற விதிகளை மீறினவர்கள் உண்டு. இதை மட்டும் யாரும் தொட்டதில்லை.

இப்படி இருக்கும்போது குணசீலன் என்ற நரி இன்னொரு தளத்தைத் திறந்தான். அங்கே ஒப்புதல், பரிசீலனை எதுவும் வேண்டாம். ஆனால் புதுத் தளத்துக்கு டப்பா வேண்டுமே. ஆமையின் தளத்தில் இருந்ததையெல்லாம் வழித்து எடுத்துப் போட்டுக்கொண்டான். இடங்களைக் காட்டும் எண்கள் ரொம்ப நீளமாக இருப்பதாக அவனுக்குப் பட்டது. கடைசி இலக்கங்களை வெட்டிவிட்டான்.

ஓடைக்கரை மருதமரத்தில் தங்கபுஷ்பம் ஒளித்துவைத்திருந்த டப்பா, நரியின் தளத்தில் மேட்டுப்பக்கமாக நகர்ந்து, நேராக அவள் வளைக்குள் போய் உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் மண் சரிந்து மூக்கில் விழுந்தபோதுதான் அவளுக்கு விழிப்பு வந்தது. வாசலில் ஒரு காட்டுப்பன்றி தோண்டிக்கொண்டிருந்தது.

"யாரு?" என்றாள்.

"டப்பா எடுக்க வந்தேன். கொஞ்சம் தள்ளிக்கோ."

"இது என் வீடுங்க. டப்பா ஓடைக்கரையில இருக்கு."

பன்றி போனைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. "போன்ல வீடுன்னு போடலையே," என்றுவிட்டு மறுபடி தோண்டியது.

அன்று முழுக்க வந்துகொண்டே இருந்தார்கள். பக்கத்திலிருந்த கறையான் புற்று, அதுதான் அவளுக்கு அடுப்பங்கரை, மிதிபட்டுத் தரையோடு தரையானது. டப்பா கிடைக்காதவர்கள், 'ஒளித்துவைத்தவரே உள்ளே படுத்துக்கொண்டு வழிமறிக்கிறார். விளையாட்டின் மரியாதை தெரியாதவர்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். வாசல் இடிந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டாள். அந்தக் கடைசி வரியைத்தான் தாங்க முடியவில்லை. மரியாதை தெரியாதவளா?

குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு நரியிடம் போனாள்.

"தம்பி, அந்த இடத்தை எடுத்துடுங்க. அது நான் குடியிருக்கிற வீடு."

"டப்பா வெச்சவங்க சொன்னாத்தான் எடுப்போம், அக்கா."

"நான்தான் வெச்சேன்."

"அந்த வளையிலயா?"

"இல்ல, ஓடைக்கரையில."

"அப்ப நீங்க ஓடைக்கரை டப்பாவுக்குச் சொந்தக்காரங்க. இது வேற டப்பால்லா."

"அங்க டப்பாவே இல்லையே, தம்பி."

"இல்லாததை நான் எப்படிக்கா எடுக்கிறது?" என்றான் குணசீலன், மிகுந்த வருத்தத்தோடு.

அங்கிருந்து ஆமையிடம் போனாள். ஆவுடையப்பன் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைப் பாதி உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நம்ம தளத்துல இருக்கிற டப்பா இன்னொரு தளத்துல இருக்கக்கூடாது. விதி தெரியும்லா?"

"நான் போடலை, அண்ணாச்சி. நரி எடுத்துப் போட்டிருக்கு."

"யார் போட்டான்னு விதி கேக்கல, தாயி," என்றவர், ஓடைக்கரை டப்பாவை அங்கேயே அடித்து நீக்கினார். அதுவரை வாழ்நாளில் அவர் உடனுக்குடன் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அவள் வீடு திரும்புவதற்குள், 'இந்த டப்பா எங்களிடம் மட்டுமே' என்று நரி தன் தளத்தில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டிவிட்டான். கூட்டம் இரண்டு மடங்கானது. அந்தக் கூட்டத்தில் ஒரு குரங்கு, பயத்தில் சுருண்டுகிடந்த குட்டியை எடுத்து உருட்டிப் பார்த்து, "இதுதான். மூடிதான் இறுக்கமா இருக்கு," என்று கல்லை எடுத்தது. தங்கபுஷ்பம் வாழ்க்கையில் முதல்முறையாகச் சுருளவில்லை. வாலை வீசி அடித்தாள். குரங்கு குட்டியைப் போட்டுவிட்டு மரமேறியது. 'வன்முறை' என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் கொடுத்தது.

அன்றைக்குத்தான் அவளுக்கு ஒன்று தோன்றியது. தன் வளையையே புது டப்பாவாக ஆமையின் தளத்துக்கு விண்ணப்பித்தாள். 'டப்பாவின் அளவு' என்ற கட்டத்துக்கு வந்தபோது கை நின்றது. இல்லாத டப்பாவுக்கு எப்படி அளவு எழுதுவது? பொய் எழுத மனம் வராமல் காலியாக விட்டு அனுப்பினாள். வேறு தளத்தில் இருக்கிறதா என்று ஆவுடையப்பன் இப்போது கேட்கவில்லை. அதைப் பரிசீலிக்கும்போதுதான் கேட்கவேண்டும் என்பது விதி.

வாசலில் ஒரு பலகை நட்டாள்: 'ஆவுடையப்பன் அவர்களின் பரிசீலனையில் உள்ளது.'

வந்தவர்கள் படித்தார்கள். பின்வாங்கினார்கள். மூன்றாம் நாள் வாசலில் புல் முளைக்க ஆரம்பித்தது.

செய்தி பரவியது. முயல்கள் விண்ணப்பித்தன, காட்டுக்கோழிகள் விண்ணப்பித்தன. திருமேனி என்ற புள்ளிமானும் தன் புதருக்கு விண்ணப்பித்துப் பலகை நட்டான். ஒருநாள் அந்தப் புதருக்கு வேட்டைக்கு வந்த புலி, பலகையைப் படித்துவிட்டு நின்றார். புதருக்குள் மான் மூச்சுவிடுவது கேட்டது. வாயில் எச்சில் ஊறியது. தன் எண்ணையும் நினைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் முதுகைச் சொறிந்துவிட்டு நடையைக் கட்டினார். அதற்குப் பிறகு அவர் ஓடையில் நண்டு பிடிப்பதைப் பலபேர் பார்த்தார்கள்.

திருமேனி எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். தங்கபுஷ்பத்தின் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான்.

"என்னம்மா இது, அளவு எழுதாம விட்டிருக்க. அரைகுறையா அனுப்பினா நம்ம எல்லாருக்கும்தான் கெட்ட பேரு. என்னுடையதைப் பாரு."

பார்த்தாள். எல்லாக் கட்டமும் அழகான எழுத்தில் நிரம்பியிருந்தது. அளவு: பெரியது. உள்ளே உள்ள பொருள்: புள்ளிமான், ஒன்று. அடைய ஏற்ற நேரம்: விடியற்காலை.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சரிசெய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு சரி, அந்தப் பொய் மட்டும் கைக்கு வரவில்லை.

இதற்கிடையில் நரிக்கு ஆட்கள் குறைந்துபோனார்கள். எங்கே பார்த்தாலும் பலகை. எரிச்சலில் தன் தளத்தில் எழுதினான்: 'ஆவுடையப்பன் இறந்து வெகுகாலம் ஆகிறது. அங்கே உட்கார்ந்திருப்பது ஓடு மட்டுமே.'

ஆவுடையப்பன் அதைப் படித்தார். அவருக்கும் ரோஷம் உண்டு என்பது காட்டில் யாருக்கும் தெரியாது, அவருக்கே அன்றுதான் தெரிந்தது. தலையை முழுதாக வெளியே நீட்டினார். குவிந்துகிடந்த விண்ணப்பங்களை இழுத்துப்போட்டு, மதியத்துக்குள் அத்தனையையும் முடித்தார். முழுமையாகப் பூர்த்தி செய்யப்பட்டவை எல்லாம் ஒப்புதல். தங்கபுஷ்பத்துடையது மட்டும் திரும்பி வந்தது: 'குறை உள்ளது. சரிசெய்து அனுப்பவும். அதுவரை பரிசீலனையில் இருக்கும்.'

காடு முழுக்கப் போன்கள் ஒரே சமயத்தில் சிணுங்கின.

புலி தன் போனை எடுத்து நிதானமாகப் படித்தார். பொருள் என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து நடந்தார்.

திருமேனி புதர் வாசலில் நின்று, "ஐயா, ஒப்புதல்ல ஏதோ தப்பு நடந்திருக்கு," என்றான்.

"ஒரு தப்பும் இல்ல, தம்பி. நானே படிச்சுப் பார்த்தேன். எழுத்துகூட ரொம்ப அழகு," என்றார் புலி.

விளையாட்டின் மரியாதைகளில் ஒன்றைக்கூட அவர் மீறவில்லை. சீட்டில் முதல் பேராகத் தன் பேரை எழுதினார். 'அருமையான டப்பா. ஒளித்துவைத்தவருக்கு நன்றி' என்றும் எழுதினார். எடுத்ததற்குப் பதிலாக ஏதாவது வைக்கவேண்டுமே என்று யோசித்து, கொம்பை வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலத்துக்குள் முயல்கள், காட்டுக்கோழிகள் என்று அவர் எண் மளமளவென்று ஏறியது. கடைசியாக மேட்டுப்பக்கம் வந்தார். தங்கபுஷ்பம் குட்டியை நடுவில் வைத்துச் சுருண்டுகொண்டாள். வாசலில் மூச்சுச் சத்தம் நின்றது. பலகையை அவர் வாய்விட்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பது கேட்டது. பிறகு காலடிச் சத்தம் ஓடைப்பக்கம் இறங்கிப்போனது.

வெகுநேரம் கழித்து அவள் சுருள் பிரிந்து எழுந்தாள். திரும்பி வந்த விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தாள். திருமேனியை நினைத்து அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு, ஆமைக்கு மரியாதையாக ஒரு வரி எழுதி அனுப்பினாள்:

'அண்ணாச்சி, அளவு என்றால் நீளமா, அகலமா?'

பதில் இன்னும் வரவில்லை.

நீதி: எல்லாக் கட்டத்தையும் பூர்த்தி செய்பவரைப் புலி தின்னும், குடும்பம் உள்ளவர்கள் ஒன்றையாவது காலியாக விடுக.