பீல் நகரத்து இன்ரர்பிறெற்றர்

மனித இனத்தில் ‘முடிஞ்ச மாதிரித்தான்’ என்றொரு கிளை இருக்கிறது. கலியாண வீடுகளிலும் கூரை போடாத கட்டடங்களிலும் அவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆனால் அசல் வித்து வேண்டுமென்றால் 1987இல் சுவிற்சர்லாந்தின் பீல் நகரத்துக்கு வந்து, மூன்றாம் மாடியில் உருத்திரமூர்த்தியின் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

பகலில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பொருத்துகிறவர் அவர். அங்கே கழித்துவிட்ட கொம்பியூற்றர் ஒன்றைச் சைக்கிள் கரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்த ஒப்பரேற்றிங் சிஸ்ரம் ஊரில் வேறு எவரிடமும் இல்லாதது. இல்லாததற்குக் காரணமும் இருந்தது. வேறொருவரென்றால் குப்பையில் போட்டிருப்பார். இவரோ, ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் வேறு மெசினுக்கென்று அச்சாகியிருந்த இன்ரர்பிறெற்றரை, அதாவது நாம் எழுதும் கட்டளைகளை வரி வரியாக வாசித்து மெசினுக்கு விளங்கப்படுத்தும் புரோகிராமை, இதற்கு மாற்றியே தீருவதென்று உட்கார்ந்தவர், நாலு மாதமாக எழும்பவில்லை. அந்த மெசினில் திரையைத் துடைக்கும் கட்டளை இந்த மெசினில் டிஸ்க்கையே துடைத்தது. இந்த உண்மையை அவர் இரண்டு முறை கண்டுபிடித்தார்.

“என்ன செய்யிறியள்?” என்று எம்மன்புரூக்கேயிலிருந்து சிநேகிதன் லோறன்ஸ் ரெலிபோனில் கேட்டான்.

“இன்ரர்பிறெற்றர் வேலை. முடிஞ்ச மாதிரித்தான்.”

வினை அங்கேதான் பிடித்தது. அகதி விசாரணைக்கும் விசாக் கடிதத்துக்கும் ஜெர்மன் மொழியான டொச் தெரிந்த ஆளைத் தேடி எங்கள் சனம் அலைந்த காலத்தில், அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் என்பதைத் தவிர வேறு அர்த்தம் இருந்ததா என்ன?

அடுத்த சனி காலை, லோறன்ஸ் சொல்லிப் பரவிய கதையை நம்பி, கையில் ஒரு கடிதத்தோடு ஆராவிலிருந்து ரயிலேறித் தில்லைநாயகி வந்து சேர்ந்தார்.

“தம்பி, நீங்கள்தானாம் இன்ரர்பிறெற்றர். பத்து நாளா இதை வைச்சிருக்கிறன், ஒருதருக்கும் விளங்கேல்லை.”

“அக்கா, இது மனிசருக்கில்லை, மெசினுக்கு.”

“மெசினுக்குச் சொல்லுவியள், எனக்குச் சொல்ல மாட்டியளோ?”

மறுமொழி சொல்ல வாயெடுத்தார். திரையில் ஒரு பிழை வந்தது. கீபோட் பக்கம் திரும்பிவிட்டார்.

மனைவி புனிதவதி முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைசெய்து டொச் பழகியவள். ஈரக்கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கி வாசித்தாள். முகம் மாறியது. விசாவைப் புதுப்பிக்கும் படிவம். நிரப்பி இன்றைக்குள் தபாலில் சேர்க்காவிட்டால் ஃபைலையே மூடிவிடுவார்களாம். தபாற்கந்தோர் பதினொரு மணிக்குப் பூட்டிவிடும். இப்போது பத்தரை.

புனிதவதி கேட்டுக் கேட்டு நிரப்பினாள். தில்லைநாயகி கையெழுத்து வைத்தார். பத்து ஐம்பது.

“இஞ்சேருங்கோ, சைக்கிளிலை ஓடிப்போய்க் குடுத்திட்டு வாங்கோ.”

“இந்தா, ஒரு வரிதான்.”

“எழும்புங்கோவன்!”

“ஓம், ஓம்.”

வாய் அசைந்ததே தவிரக் கதிரை அசையவில்லை. புனிதவதி படிவத்தை உறையிலிட்டு ஒட்டினாள். பிறகு, வீட்டுச் சட்டைக்கு மேலே அவருடைய குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு, அதுவரை மூன்றே மூன்று தரம் ஓடிப் பழகியிருந்த சைக்கிளில் ஏறிப் பறந்தாள்.

மேலே, தில்லைநாயகி நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கையில் உருத்திரமூர்த்தி துள்ளியெழுந்தார்.

“வந்திட்டுது! அக்கா, பாருங்கோ!”

இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னார். மெசின் உறுமி யோசித்தது. திரையில் 5 என்று வந்தது.

தில்லைநாயகி உற்றுப் பார்த்தார். “அஞ்சுதான் தம்பி. இதுக்கோ நாலு மாசம்?”

உரசிய முழங்காலோடும் தபாற்கந்தோர் பற்றுச்சீட்டோடும் புனிதவதி படியேறி வந்தாள். தில்லைநாயகி அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். மூன்று கிழமையில் விசா வந்தது. அதன்பிறகு சனிக்கிழமைகளில் கதவைத் தட்டியவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “புனிதவதியக்கா நிக்கிறாவோ?” கதவைத் திறந்துவிட்ட உருத்திரமூர்த்தி, கேளாதவர்களுக்கும் சொன்னார்: “கழித்தல் மட்டும்தான் மிச்சம்.”

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உள்ளேயிருந்து யாரோ உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவது இது இரண்டாம் தரம். “இந்தப் பக்கம் முடியட்டும்” என்று சற்று முன்பு குரல் கொடுத்தது யாராம்?